என் போனுக்கு டேப் பிடித்த பதினான்கு நாள்

"அக்கா, உங்க போன்ல ஏதோ ஆப் போட்டு ஆராய்ச்சி பண்றாங்களாமே, நாங்களும் சேரலாமா?" மூன்று வாரமாகக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். கொக்கி வைத்துக்கொண்டே ஆளுக்கு நாலு வரி சொல்லி அனுப்புகிறேன். அது தெரு முனை தாண்டுவதற்குள் வேறு கதையாகிவிடுகிறது. ஒருத்தர் "டெய்லர் அக்கா போனை ஒட்டுக் கேட்கிறாங்களாம்" என்றே சொல்லியிருக்கிறார். அது ஒரு மாணவியின் ஆராய்ச்சிக்காக, போனை எவ்வளவு நேரம், எத்தனை தடவை பார்க்கிறோம் என்று எண்ணுகிற ஆப். அதனால் நடந்ததை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுச் சேருவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்குக் கடலூர் திருப்பாப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் தையல்கடை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஜாக்கெட்தான் முக்கியம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் யூனிஃபார்ம், தீபாவளி பொங்கலுக்குச் சுடிதார். கடையில் நானும் சரண்யாவும். அவள் ஓவர்லாக் அடிப்பாள், கொக்கி வைப்பாள், சேலைக்கு ஃபால்ஸ் தைப்பாள். அளவெடுப்பது மட்டும் இன்றுவரை நான்தான். இருபத்திரண்டு வருடம் டேப் பிடித்த கை என்பதால் அளவெடுப்பதைப் பற்றி எனக்கும் நாலு விஷயம் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இந்த ரிவ்யூ.

வினோதினி மஞ்சக்குப்பத்துப் பெண். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் யூனிஃபார்ம் என் மெஷினில் தைத்ததுதான். இப்போது புதுச்சேரியில் உளவியல் முதுகலை இரண்டாம் வருடம் படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ஐப்பசி கடைசியில் ஒரு சாயங்காலம் ஜாக்கெட் துணியோடு வந்தவள், துணியைக் கொடுத்த பிறகும் கிளம்பாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்ப்பீங்க?"

"ஒரு மூணு மணி நேரம் இருக்கும்மா."

"எத்தனை தடவை லாக் எடுப்பீங்க?"

"நாற்பது தடவை இருக்கும். ஏன்?"

இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். "இது உங்க மனசு சொல்ற அளவுக்கா. போன் சொல்ற அளவையும் எடுக்கலாமா?"

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைக்கு வருகிற பெண்களில் பலர் நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்கும் முன்பே "எனக்கு முப்பத்தி நாலுக்கா" என்பார்கள். அது கல்யாணத்துக்கு எடுத்த அளவாக இருக்கும். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளை பிறந்திருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, மனதில் தங்கிப்போன எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண்ணை நம்பித் துணியில் கத்தரி வைத்தால், ஜாக்கெட் திரும்பி வரும்.

உளவியல் ஆராய்ச்சியில் இந்தத் தவறு வெகுகாலம் நடந்திருக்கிறது என்று வினோதினி சொன்னாள். போன் மனதை என்ன செய்கிறது, தூக்கத்தை என்ன செய்கிறது என்று எத்தனையோ ஆய்வுகள். அவற்றில் பெரும்பாலானவை "எவ்வளவு நேரம் பார்ப்பீங்க" என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எழுதிக்கொண்டவை. 2015-ல் இங்கிலாந்தில் 23 பேருடைய போனில் இரண்டு வாரம் ஓர் ஆப்பை ஓடவிட்டு, அவர்கள் வாயால் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நாளுக்குச் சராசரி 5 மணி நேரம் போன் ஓடியிருக்கிறது. நேரத்தை அவர்கள் ஓரளவு சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். தடவைக் கணக்கில்தான் தப்பு. 37 தடவை எடுப்போம் என்றவர்கள் உண்மையில் 85 தடவைக்குப் பக்கமாக எடுத்திருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் முப்பது நொடிகூட நீடிக்காத பார்வைகள். இந்த மாதிரி ஒப்பீடுகள் நூற்றுக்கு மேல் சேர்த்து 2021-ல் ஒரு பெரிய கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஆள் சொல்வதும் கருவி சொல்வதும் பாதி வழியில்தான் ஒத்துப்போகின்றன, அச்சாகப் பொருந்துவது அரிது என்று அதில் வந்திருக்கிறது.

சரி, ஆப்புக்கு வருகிறேன்.

போடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. வினோதினி பக்கத்திலேயே இருந்ததால் எனக்குச் சிரமம் தெரியவில்லை. தனியாக என்றால் பாதியில் விட்டிருப்பேன். ஆண்ட்ராய்டு போன் எந்த ஆப் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று தானே உள்ளுக்குள் ஒரு கணக்கு எழுதி வைக்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் ஆண்ட்ராய்டிலிருந்து அந்தக் கணக்கை இன்னோர் ஆப் படிக்க வழி உண்டு. ஆனால் அதற்கான அனுமதியைப் போன்காரரே செட்டிங்ஸுக்குள் போய், இடத்தைத் தேடிப் பிடித்து, தன் கையால் கொடுக்க வேண்டும். எனக்கு அது மூன்று பக்கம் தள்ளி இருந்தது. அப்புறம் பேட்டரி மிச்சம் பிடிக்கிற அமைப்பிலிருந்து இந்த ஆப்பை விலக்கி வைக்க வேண்டும். அதற்கு இன்னொரு பக்கம். பிறகு ஒரு பாஸ்வேர்டு. ஆப்பே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஒப்புதல் தாளை மட்டும் வினோதினி தமிழில் எழுதி வந்திருந்தாள். அதை நான் முழுதும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று முதல் பத்தியிலேயே இருந்தது எனக்குப் பிடித்தது.

ஒட்டுக் கேட்கும் பேச்சுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கடைசி நாளில் அனுப்புவதற்கு முன் அந்தக் கோப்பைத் திறந்து எனக்குக் காட்டினாள். வரி வரியாக இருந்தது. வாட்ஸ்அப், மாலை 4:12:07-க்குத் திறந்தது, 4:12:26-க்கு மூடியது. அடுத்த வரி, திரை அணைந்தது. அடுத்த வரி, லாக் எடுத்தது. அவ்வளவுதான். யார் அனுப்பினார், என்ன எழுதியிருந்தது, என்ன படம், நான் எங்கே இருந்தேன், எதுவும் இல்லை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பாகத்தான் என் போனிலிருந்து வெளியே போனது. என் பெயருக்குப் பதில் ஒரு நம்பர்.

ஆனால் ஆப்பின் பெயரே சில நேரம் நிறையச் சொல்லிவிடும். யாருக்கு என்ன கடன் ஆப், யார் வரன் பார்க்கிற ஆப் வைத்திருக்கிறார், யார் எந்த மருந்துக்கடை ஆப்பைத் திறக்கிறார் என்பதெல்லாம் அந்த வரிகளில் தெரியும். இதை நான் வினோதினியிடம் கேட்டேன். என் கடையில் ஒரு அளவு நோட்டு இருக்கிறது. அதில் பெயர் எழுத மாட்டேன், பில் நம்பர் மட்டும்தான். ஒருத்தி அளவு இன்னொருத்தி கண்ணில் படக்கூடாது. அளவு நோட்டை மேசைமேல் திறந்து போட்டு வைக்கிற கடைக்கு யாரும் மறுபடி வர மாட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, விரும்புகிறவர்களுக்கு ஆப் பெயரை எடுத்துவிட்டு 'செய்தி', 'வீடியோ', 'பணம்' என்று வகையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அடுத்து சேர்ந்தவர்களின் ஒப்புதல் தாளில் அந்த வரி இருந்தது. நான் கேட்ட ஒரு கேள்விக்காகத் தாளை மாற்றி அச்செடுத்து வந்த பெண்ணை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

முதல் இரண்டு நாள் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுபோனதும் எல்லாப் பெண்களும் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். அது தானாக நடப்பது. "மூச்சு விடும்மா" என்று சொல்லி, வேறு ஏதாவது பேச்சுக் கொடுத்து, அவர்கள் மறந்த பிறகுதான் நான் எண்ணைப் பார்ப்பேன். போனிலும் அப்படித்தான் ஆனது. கணக்கு ஓடுகிறது என்று தெரிந்ததும் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் தொடவே இல்லை. புதன்கிழமை மூன்று கல்யாண ஜாக்கெட் ஒன்றாக வந்தது, ஆப் இருப்பதையே மறந்துவிட்டேன். வார நேரத்தை நம்பிச் சொல்லக் குறைந்தது 5 நாள் கணக்காவது வேண்டும் என்று 2018-ல் ஒரு ஆய்வு சொல்லியிருக்கிறதாம். பதினான்கு நாள் எடுத்தது அதனால்தான். ஒரு வாரம் மூச்சு விட, ஒரு வாரம் அளக்க என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

கடைசியில் வந்த எண்ணைச் சொல்கிறேன். ஒரு நாளைக்குச் சராசரி 9 மணி 48 நிமிஷம். லாக் எடுத்தது 117 தடவை.

மூன்று என்று சொன்னவள் நான். அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போய்விட்டது. சரண்யா எட்டிப் பார்க்கிறாளே என்று தாளை மடித்துக்கூட வைத்தேன். வினோதினி அவசரப்படாமல் பென்சிலை எடுத்து ஒவ்வொரு கோடாகக் காட்டினாள். காலை ஒன்பதே முக்காலுக்கு யூடியூப் திறக்கிறது. ஒரு மணி வரை மூடவில்லை. மறுபடி இரண்டு மணிக்குத் திறக்கிறது, ஏழரை வரை கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிட்டு ஓடுகிறது. இது மட்டும் 6 மணி 50 நிமிஷம்.

அந்த நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று என் கடைக்கு வந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன் பட்டன் டப்பாமேல் சாய்ந்து நிற்கும், பாட்டு ஓடும், நான் மெஷினில் குனிந்திருப்பேன். காசு கட்டாத யூடியூபில் திரையை அணைத்தால் பாட்டும் நின்றுவிடும், அதனால் திரை எரிந்தபடி இருக்கும். நான் அதைப் பார்ப்பதே இல்லை. ஊசிக்கு நூல் கோக்கிறவள் கண் எங்கே இருக்கும்? ஆப்பைப் பொறுத்தவரை திரை எரிகிறது, யூடியூப் மேலே இருக்கிறது. ஆகவே அது 'பயன்பாடு'. எதிர்ப்பக்கம் இன்னொரு விஷயமும் உண்டு. என் அக்காவோடு தினமும் இரவு அரை மணி நேரம் போனில் பேசுகிறேன். காதில் வைத்ததும் திரை அணைந்துவிடுவதால் அந்த அரை மணி இந்தக் கணக்கில் ஏறவே இல்லை. பார்க்காத படம் கணக்கில் இருக்கிறது, மனசு விட்டுப் பேசிய பேச்சு கணக்கில் இல்லை.

இது ஆப்பின் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். டேப் சுற்றளவைத்தான் சொல்லும். உள்ளே பாவாடை நாடா மூட்டை கட்டியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது, அதை நான் பார்க்க வேண்டும்.

ஆப் இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்கவே முடியாதது ஒன்று அதே தாளில் இருந்தது. இரவு படுத்த பிறகு ரீல்ஸ். "பத்து நிமிஷம் பார்த்துட்டுத் தூங்கிடுவேன்" என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன். கணக்கில் 1 மணி 10 நிமிஷம் இருந்தது. பதினான்கில் பதினோரு இரவு, பன்னிரண்டு மணி தாண்டி. காலையில் கண் எரிச்சலுக்கு நான் புதுக் கண்ணாடி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு கோட்டுக்காகவே இந்தப் பதினான்கு நாள் எனக்குத் தகும்.

கேள்வித்தாளைப் பற்றியும் எழுத வேண்டும். அது எனக்கு மனத்தாங்கல் தந்தது. ஆப்போடு சேர்த்துப் பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் தந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை மதிப்பெண். கொரியாவில் 2013-ல் உண்டாக்கியது, உலகம் முழுக்க 'போன் அடிமைத்தனம்' அளக்க இதைத்தான் எடுக்கிறார்களாம். பெண்களுக்கு 33-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய நிலை என்று அதை உண்டாக்கியவர்கள் வைத்திருக்கிறார்கள். நான் போட்டது 36.

எப்படி 36 வந்தது என்று பாருங்கள். மணிக்கட்டிலோ பின்கழுத்திலோ வலி உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு, ஆறு போட்டேன். இருபத்திரண்டு வருடம் கனமான கத்தரி பிடித்த மணிக்கட்டு, மெஷினில் குனிந்த கழுத்து. போன் பார்க்கும்போது வலிக்கிறதா என்றால் வலிக்கத்தான் செய்கிறது, தூங்கும்போதும் வலிக்கிறது. போன் கையில் இல்லாவிட்டாலும் நினைவு அதிலேயே இருக்கிறதா என்று இன்னொரு கேள்வி. அதற்கும் ஆறு. போன் கிட்டே இல்லாமல் இருக்க முடியாதா? அதற்கு ஐந்து.

வினோதினியிடம் கேட்டேன், "இது யாருக்குன்னு உண்டாக்கின கேள்விம்மா?" கொரியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகத்தான் முதலில் உண்டாக்கினார்கள் என்று சொன்னாள். பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு வெட்டிய பேட்டர்னை வைத்து நாற்பத்தேழு வயசுக்காரிக்கு ஜாக்கெட் தைத்திருக்கிறார்கள். தோளில் பிடிக்கத்தானே செய்யும்? 2019-ல் 238 ஐபோன்காரர்களிடம் இப்படிப்பட்ட பத்துக் கேள்வித்தாள்களைக் கொடுத்து, அவர்கள் போனே எழுதி வைத்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒட்டவில்லை. 'நாளுக்கு எவ்வளவு நேரம்' என்ற ஒற்றைக் கேள்வி, 'அடிமை' என்று பெயர் வைத்த நீளத் தாள்களைவிடப் பக்கத்தில் வந்திருக்கிறது. இதைத் தன் ஆய்வுக்கே எதிராகப் போகும் செய்தி என்று மறைக்காமல் எனக்குச் சொன்னாள். தாளை விட்டுவிடலாமே என்றேன். மூன்றையும் ஒன்றாக எடுத்தால்தான் எது எங்கே பொய்க்கிறது என்று தெரியும், என் ஆய்வே அதுதான் அக்கா என்றாள்.

இப்போது அந்தத் தாளில் இருந்த இன்னொன்றைப் பற்றி, விடிகாலை மூன்றரை மணி.

தாளின் ஓரத்தில், விடிகாலை 3:30 ஒட்டி, சின்னச் சின்னப் புள்ளிகள். பதினான்கில் பன்னிரண்டு நாள். 3:24, 3:31, 3:33. ஒவ்வொன்றும் பதினைந்து, இருபது நொடி. சில நாள் மூன்று நான்கு புள்ளி அடுத்தடுத்து. வாட்ஸ்அப்.

"அக்கா, இந்த நேரத்தில் எழுந்திருக்கீங்களே, தூக்கம் வரலையா?" என்று கேட்டாள். ஆராய்ச்சிப் புத்தகத்தில் இதற்குப் பெயர் இருக்குமாம், தூக்கத்துக்கு நடுவில் போன் எடுப்பது, கவலைப்பட வேண்டிய அறிகுறி.

என் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். இரவு ஷிப்ட். வேலை முடிந்து ரூமுக்கு வரும்போது அங்கே காலை ஆறு மணி வாக்கில் ஆகும். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், இங்கே அப்போது மூன்றரை. லாரியில் ஏற்றி ரூமுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். போய்ச் சேர்ந்ததும் "ரூமுக்கு வந்துட்டேம்மா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவான். நாலு நொடி இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுப்பேன். சில நாள் நேரமாகும். அப்போது கடைசியாக எப்போது ஆன்லைன் வந்தான் என்று திறந்து பார்ப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். அடுத்தடுத்த புள்ளிகள் அந்த நாட்கள்தான்.

வினோதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள். கேள்வித்தாளில் நான் ஆறும் ஐந்தும் போட்டதற்கும் காரணம் அதுதான் என்று சொன்னேன். போன் நினைவாகவே இருக்கிறதா என்று கேட்டால், ஆமாம், இருக்கிறது. அந்தப் போனுக்குள் என் பிள்ளை இருக்கிறான்.

இந்தப் பதினான்கு நாளில் கருவியின் மேல் நிஜமான குறையும் உண்டு. ஒன்பதாம் நாள் கணக்கு காணவில்லை. என் போன் எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. பின்னால் ஓடும் ஆப்களைப் பேட்டரிக்காக நிறுத்துகிற வழக்கம் பல போன்களில் உண்டாம். அனுமதி கொடுத்த பிறகும் அன்று இரவு ஏதோ அப்டேட் வந்து, இந்த ஆப்பையும் நிறுத்திவிட்டது. ஆப் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வினோதினி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆண்ட்ராய்டு தன் சொந்தக் கணக்கைச் சில நாள் அழிக்காமல் வைத்திருக்கும் என்பதால், ஆப் திறந்து மூடிய விவரத்தை அதிலிருந்து மீட்டுவிட்டாள். நோட்டிஃபிகேஷன் கணக்கு மட்டும் போனது போனதுதான். நின்றுவிட்டால் உடனே கூப்பிட்டுச் சொல்கிற ஏற்பாடு இந்த ஆப்பில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஓடாத நாளைப் 'போனே தொடாத நாள்' என்று யாராவது எழுதிவிடுவார்கள். கரண்ட் போய்ப் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்த நேரத்துக்கும் இதே ஆபத்து.

அப்புறம் மழை. நடுவில் இரண்டு நாள் ரெட் அலர்ட். பள்ளிக்கூடம் லீவு, கடையில் ஆள் இல்லை. அன்று மட்டும் லாக் எடுத்தது 190-ஐத் தாண்டியிருக்கிறது. கெடிலத்தில் எவ்வளவு தண்ணீர், தென்பெண்ணையில் எவ்வளவு திறந்துவிட்டிருக்கிறார்கள், தேவனாம்பட்டினத்தில் கடல் எப்படி இருக்கிறது என்று ஊரே குரூப் குரூப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரில் என்ன செய்தது என்று பார்த்த யாரும் மழைச் செய்தியைப் பார்க்காமல் படுக்க மாட்டார்கள். அந்த இரண்டு நாளையும் தனியாகக் குறித்து வைக்கச் சொன்னேன். ஏற்கெனவே குறித்து வைத்திருந்தாள்.

சரண்யாவும் சேர்ந்தாள். அவள் கணக்கைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் ஒரே போன். பகலில் அவள் கையில், சாயங்காலம் தம்பி கையில் கேம், ராத்திரி அவள் அம்மா கையில் சீரியல். கணக்கில் மூன்று பேரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். நம் ஊரில் இப்படி எத்தனை வீடு! வெளிநாட்டில் உண்டாக்கிய ஆப்புக்கு ஒரு போன், ஒரு ஆள் என்ற நினைப்பு. அளவு ஜாக்கெட் என்று ஒருத்தி கொண்டுவருவாள், போட்டுப் பார்த்தால் அது அவள் தங்கச்சியுடையதாக இருக்கும். அந்தக் கதைதான். கடைசியில் சரண்யாவே ஒரு சின்ன நோட்டில் போன் கைமாறிய நேரத்தை எழுதி வைத்தாள். ஆறு மணி தம்பி, எட்டேகால் அம்மா. அந்த நோட்டு இல்லாமல் அவள் கணக்கு குப்பைக்குத்தான் போயிருக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆப் ஓடாது. என்னிடம் ஜாக்கெட் தைக்கிற ஒரு பேங்க் மேடம் ஐபோனில் சேர்ந்தார். 2018-லிருந்து ஐபோனுக்குள்ளேயே இருக்கிற ஸ்கிரீன் டைம் பக்கத்தைத் தினமும் இரவு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். எளிதுதான், ஆனால் நொடிக்கணக்கு வராது, மொத்தம் மட்டும் வரும். என்னுடைய மூன்றரை மணிப் புள்ளிகள் அதில் இப்படித் தனித்தனியாக நின்றிருக்காது.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால், ஆப்புக்கு நாலு போடுவேன். ஓடுகிற வரை ஒரு நொடி தவறாமல் எண்ணியது, பேட்டரி பெரிதாக இறங்கவில்லை, போன் சூடாகவில்லை. ஒரு மதிப்பெண் குறைப்பது சத்தமில்லாமல் நின்றதற்கும் தமிழ் இல்லாததற்கும். கேள்வித்தாளுக்கு நான் இரண்டுதான் தருவேன். வினோதினி ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு கோடாகக் காட்டி, "இது என்ன அக்கா" என்று கேட்டதற்கு ஐந்தும் தருவேன். என்னைப் பொறுத்தவரை அளவெடுத்தது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வேறு யாராவது ஆப்பை மட்டும் போட்டு, கோப்பை வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து கேட்காமல் போவதாக இருந்தால் சேர வேண்டாம் என்றுதான் உங்களுக்குச் சொல்வேன்.

அடுத்த சுற்று தை பிறந்ததும் ஆரம்பிக்கிறாள். நான் சொன்னதன் பேரில் ஒன்று சேர்த்திருக்கிறாள். தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு கேள்வி வரும்: இன்று திரை எரிந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது? பதிலைத் தமிழில், பேசியே அனுப்பலாம். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்ட்ராய்டு போன் என்றால் நல்லது, வீட்டில் ஒரே போன் என்றால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இருநூறு ரூபாய் ரீசார்ஜ் செய்து தருகிறாள். மாணவி காசு, அதற்காக மட்டும் யாரும் சேர வேண்டாம். பேர் கொடுக்க நினைப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் கடைக்கு வந்தால் ஒப்புதல் தாளைத் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் ஒன்று மாற்றியிருக்கிறேன். போன் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டிவிட்டேன், ரீல்ஸ் நின்றுவிட்டது. கூடத்திலிருந்து கேட்கிற மாதிரி என் மகனுடைய மெசேஜுக்கு மட்டும் சத்தமாக ஒரு தனி ரிங்டோன் வைத்துக் கொடுத்திருக்கிறாள் சரண்யா. மூன்றரைக்கு அது அடிக்கும்போது எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வந்து படுக்கிறேன்.